மறுமொழி: பிள்ளை ஓடும் மைதானத்தில் நாங்களும் நடுவராக நிற்கலாமா?

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

மான்செஸ்டரில் இருக்கும் தங்கச்சி ஒருவர் போன கிழமை கேட்டிருந்தார். மகளின் ஓட்டக் கழகம் பெற்றோரை நடுவர் பயிற்சிக்கு வரச் சொல்லிக் கெஞ்சுகிறதாம். விளையாட்டே தெரியாத நான் போகலாமா என்று. தாராளமாகப் போகலாம், தங்கச்சி. நானும் ஊரில் ஓடியவன் அல்ல. இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் கூடாரம் சோடிக்கிற பக்கம்தான் நிற்பேன். இப்போது லண்டனில் கோடைகாலச் சனி ஞாயிறுகளில் கழகப் போட்டிகளில் நடுவராக நிற்கிறேன்.

கழகம் கெஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே பல லீக் போட்டிகளில் ஒவ்வொரு கழகமும் தன் பங்குக்கு நடுவர்களைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். வந்தால் அதற்கும் புள்ளி உண்டு. பிள்ளை வென்று தரும் புள்ளியைப் போலத்தான் அப்பா கொடி பிடித்துச் சேர்க்கும் புள்ளியும் கணக்கில் ஏறும். ஆள் இல்லாவிட்டால் ஈட்டி எறிதல் பிந்தும், சிலவேளை நடக்காமலே போகும். சம்பளம் கிடையாது. தேநீரும் சான்ட்விச்சும் கிடைக்கும், அதுவும் எங்கள் வாய்க்கு உறைப்புக் காணாது.

ஓட்டங்களைப் பார்க்கும் சுவட்டு நடுவர், பாய்தல் எறிதல்களைப் பார்க்கும் மைதான நிகழ்ச்சி நடுவர், நேரக்கணிப்பாளர், ஓட்டத்தைத் தொடக்கி வைப்பவர் என்று பிரிவுகள் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு நான் மைதான நிகழ்ச்சிகளைத்தான் சொல்லுவேன், அதிலும் நீளம் பாய்தலை. ஒருவர் கால் ஊன்றிப் பாயும் பலகையடியில், சரியென்றால் காட்ட வெள்ளைக் கொடியும் பிழையென்றால் காட்ட சிவப்புக் கொடியுமாக இருப்பார். ஒருவர் மணலில் கம்பி குத்துவார். ஒருவர் அளவுநாடாவை இழுத்து வாசிப்பார், ஒருவர் எழுதுவார். மணலைச் சமப்படுத்த ஒருவர் வேண்டும். முதல் நாள் அந்த வேலையைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு எந்த உரிமமும் தேவையில்லை, ஆனால் முழு ஆட்டமும் கண்முன்னே நடக்கும்.

குழிக்குள் எங்கே கால் விழுந்தது என்பது மட்டும் கணக்கு அல்ல. பலகைக்கு ஆகக் கிட்டவாக உடம்பின் எந்தப் பகுதி மணலைக் கலைத்ததோ, அங்கிருந்துதான் அளவு. பின்னால் கை ஊன்றிய பிள்ளை அரை மீற்றரை அப்படியே இழக்கும். சென்ரிமீற்றருக்குக் குறைவான மிச்சத்தைக் கீழ்நோக்கி வெட்ட வேண்டும். 4.379 என்றால் 4.37தான். பாய்ந்த சந்தோஷத்தில், விழுந்த அடையாளத்துக்குப் பின்புறமாகப் பலகைப் பக்கம் மணலை விட்டு இறங்கினால் அந்தப் பாய்ச்சல் செல்லாது. சின்னப் பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டு விளக்கம் சொல்லி என்ன பயன்? பலகை விதியும் 2021 நவம்பரில் மாறியது. முன்பு பலகைக்கு அப்பால் நிலத்தில் கால் பட்டால்தான் பிழை. இப்போது கால் நுனி பலகையின் மணல் பக்க விளிம்புக் கோட்டை மேலே காற்றில் தாண்டினாலே பிழை.

குண்டு போடுதலில் கண்ணும் காலும் விழிப்பாக இருக்க வேண்டும். எறிகிறவருக்கு ஒருபோதும் முதுகு காட்டாதீர்கள். குண்டு நிலத்தில் விழும்வரை அவர் வட்டத்துக்குள் நிற்க வேண்டும், பிறகு பின்பாதியால் வெளியேற வேண்டும்.

நேரக்கணிப்புப் பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். வெடிச்சத்தம் கேட்டு மணிக்கூட்டை அமத்தக் கூடாது, துப்பாக்கியின் புகையையோ வெளிச்சத்தையோ பார்த்துத்தான் அமத்த வேண்டும். 100 மீற்றருக்கு அப்பால் இருந்து சத்தம் வந்துசேர ஏறக்குறைய 0.3 செக்கன் பிடிக்கும். ஓட்டத்தில் அது பெரிய இடைவெளி. ஒரே ஆளுக்குப் பிடித்த மூன்று மணிக்கூடு மூன்று நேரம் காட்டினால் நடுவில் உள்ளதை எடுப்பார்கள். இரண்டு ஒத்துப்போனால் அதுதான் நேரம். முடிவுக் கோட்டில் தலையோ கையோ கணக்கில் இல்லை, நெஞ்சும் வயிறும் சேர்ந்த உடற்பகுதிதான்.

இதை நீட்டி எழுதுவதற்குக் காரணம் எங்கள் ஊர்ச் சங்கத்தின் கோடைப் போட்டிதான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்மார் முதலாம் ஆள், இரண்டாம் ஆள் என்று ஓடிவருகிறவரைக் கையில் பிடிப்பது போலவே இங்கேயும் செய்கிறோம். பிடித்தவர் யாருடைய மாமா என்பதில் தொடங்குகிற சண்டை பரிசளிப்பு வரை போகிறது. கழகப் போட்டிகளில் சொந்தப் பிள்ளை வந்தால் பல நடுவர்கள் அந்த முடிவைப் பக்கத்தில் இருப்பவரிடம் விட்டுவிடுவார்கள். கைதட்டுவதும் இல்லை, பிள்ளைக்கு நுட்பம் சொல்லிக் கொடுப்பதும் இல்லை. இந்தப் பழக்கம் தெரிந்த ஏழெட்டுப் பேர் எங்களிடம் இருந்தால் எங்கள் மைதானத்துச் சண்டையும் அடங்கும் என்பது என் எண்ணம். கோயில் திருவிழாவுக்கு இரவிரவாக அன்னதானம் சமைக்கிற சனம், பிள்ளை ஓடும் நாளில் காருக்குள் இருந்து போன் பார்ப்பதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. கோபிக்க வேண்டாம், அண்ணாக்களே அக்காக்களே.

சரி, வழி இதுதான். கழகத்தில் நடுவர்களைப் பொறுப்பாகப் பார்க்கிறவர் ஒருவர் இருப்பார், அவரிடம் பெயரைக் கொடுங்கள். இங்கிலாந்தில் இருப்பவர்கள் இங்கிலாந்து அத்லெட்டிக்ஸ் என்ற தடகள அமைப்பு நடத்தும் தொடக்க வகுப்பில் சேரலாம். உரிமத்துக்குக் குற்றப் பின்னணிச் சோதனையும் செய்வார்கள். பிறகு அனுபவமுள்ளவர்களுக்குப் பக்கத்தில் சில போட்டிகள் நின்று பழக வேண்டும். கனடா, ஜெர்மனி, நோர்வேப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் நாட்டு முறையை இந்த மடலுக்குக் கீழே எழுதுங்கள். மழைச் சட்டையும் தடித்த காலுறையும் மறக்க வேண்டாம், ஜூலையிலும் குளிரும்.