ஹ்யூகோ, நெபுலா பட்டியலை வைத்துப் புத்தகம் தேடும்போது

ஹ்யூகோவும் நெபுலாவும் அறிவியல் புனைகதை, மிகைபுனைவுகளுக்கான விருதுகள். அவற்றின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள் முதலில் இடறுவது ஆண்டில்தான். ஹ்யூகோ பட்டியலில் இருப்பது விருது வழங்கிய ஆண்டு. நெபுலாவுக்குப் பெரும்பாலும் படைப்பு வெளிவந்த ஆண்டைப் போடுவார்கள். அதனால்தான் 1984இல் வந்த 'நியூரோமான்சர்' நெபுலாவில் 1984 என்றும் ஹ்யூகோவில் 1985 என்றும் இருக்கிறது. ஒன்று தவறு என்று நினைத்துத் திருத்தக் கிளம்பிவிடாதீர்கள், இரண்டுமே சரி. 1953இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய ஹ்யூகோ, 1954இல் வழங்கப்படவில்லை. 'ஃபாரன்ஹீட் 451'க்கு 1954 ஹ்யூகோ என்று எங்காவது கண்டால், அது 2004இல் முன்தேதியிட்டுக் கொடுத்த ரெட்ரோ ஹ்யூகோ.

*

ஆண்டாவது பரவாயில்லை, தலைப்பு இன்னும் படுத்தும். 1966இல் 'ட்யூன்' நாவலோடு ஹ்யூகோவைப் பகிர்ந்துகொண்டது ரோஜர் ஜெலாஸ்னியின் '...அண்ட் கால் மீ கான்ராட்'. அது 1965 அக்டோபர், நவம்பர் இதழ்களில் தொடராக வந்தபோதிருந்த பெயர். புத்தகக் கடையில் 'திஸ் இம்மார்ட்டல்' என்று கேட்டால்தான் கிடைக்கும். 'ட்யூன்' கூட அனலாக் இதழில் 'ட்யூன் வேர்ல்ட்', 'ப்ராஃபெட் ஆஃப் ட்யூன்' என இரண்டு தொடர்களாக வந்து, 1965இல் புத்தகமானதுதான்.

பழைய பேப்பர்பேக் வாங்குகிறவர்கள் அசிமோவ் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். 1955இல் ஏஸ் வெளியிட்ட 'தி 1,000-இயர் பிளான்' புதுக் கதை இல்லை. 'ஃபவுண்டேஷன்' நாவலின் சுருக்கப் பதிப்பு. சேகரிப்புக்கு வைத்துக்கொள்ளலாம், படிப்பதற்கு முழுப் பதிப்பையே எடுங்கள்.

*

தலைப்பு ஒன்றாகவே இருந்தும் படைப்பு வேறாக இருக்கலாம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ஃப்ளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னன்' 1960இல் ஹ்யூகோ வாங்கியது சிறுகதை வடிவத்துக்கு. நெபுலா வாங்கியது 1966இல் வந்த நாவல். 'எண்டர்ஸ் கேம்' 1977இல் அனலாக்கில் வந்த கதை. விருதுகளை அள்ளியது 1985 நாவல். தொகுப்பில் குறுங்கதையைப் படித்துவிட்டு, விருது நாவலைப் படித்தாயிற்று என்று டிக் அடிப்பது நிறையவே நடக்கிறது.

எது எந்தப் பிரிவு என்பதைச் சொல் எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது. 7,500 சொல்லுக்குள் இருந்தால் சிறுகதை, 17,500 வரை நாவலெட், 40,000 வரை நாவெல்லா, அதற்கு மேல் நாவல். பக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டால் எழுத்துரு அளவு ஏமாற்றிவிடும்.

மொழிபெயர்ப்பு என்றால் ஹ்யூகோவில் ஒரு சலுகை உண்டு. ஆங்கிலத்தில் முதன்முறை வெளிவரும் ஆண்டிலும் படைப்பு தகுதி பெறும். லியு சிஷினின் 'தி த்ரீ-பாடி பிராப்ளம்' சீனத்தில் 2006இல் தொடராகி, 2014இல் ஆங்கிலத்துக்கு வந்து, 2015இல் ஹ்யூகோ வாங்கியது அப்படித்தான்.

*

வாக்கெடுப்பு முடிவுகளைப் பார்த்து 'அநியாயம்' என்று குமுறுவதற்கு முன் ஒரு நிமிஷம். ஹ்யூகோவில் வாக்காளர்கள் விருப்ப வரிசைப்படி எண் போடுகிறார்கள். முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், கடைசியில் இருப்பதை நீக்கி, அந்தச் சீட்டுகளை அவற்றின் அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். முதல் சுற்றில் முன்னணியில் நின்றது தோற்பது இதனால்தான். நெபுலாவுக்கு வாக்களிப்பது அறிவியல் புனைகதை, மிகைபுனைவு எழுத்தாளர் சங்கத்தின் உறுப்பினர்கள். ஹ்யூகோவுக்கு, வேர்ல்டுகான் என்ற உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினராகச் சேரும் எந்த வாசகரும் போடலாம். இரண்டு விருதும் ஒரே படைப்புக்குப் போனால் மதிப்பு கூடுவதாகச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

ஹ்யூகோவின் திரைப் பிரிவில் 2003 முதல் 90 நிமிடம்தான் எல்லைக்கோடு: அதற்கு மேல் நீள் வடிவம், கீழே குறு வடிவம். அதற்கு முன் எல்லாம் ஒரே கூடைதான். 1970இல் அதை வென்றது அப்பல்லோ 11இன் தொலைக்காட்சி ஒளிபரப்பு. கற்பனையே இல்லாத ஒன்று!

அட்டையில் 'ஹ்யூகோ வென்றவர்' என்றிருந்தால் எந்தப் பிரிவில் என்று பாருங்கள். புதிய எழுத்தாளருக்கான அஸ்டவுண்டிங் விருதும் அதே வாக்குச்சீட்டில், அதே மேடையில் தரப்படுகிறது, ஆனால் அது ஹ்யூகோ இல்லை. 2019 வரை அதற்கு இதழாசிரியர் ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் பெயர். அவர் பெயரிலேயே நாவலுக்கு இன்னொரு நினைவு விருதும் இருந்ததால், பழைய அட்டைகளில் 'கேம்ப்பெல் விருது' என்று மட்டும் போட்டிருந்தால் எது என்று தனியாகச் சரிபார்த்தே ஆக வேண்டும்.