முதுநிலை மாணவர் மன்றத்தின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

உதகை ஆய்வாளர்:
எங்கள் கல்லூரியின் முதுநிலை மாணவர் மன்ற வரலாற்றை ஆண்டுமலருக்காக எழுதி வருகிறேன். பழைய கூட்டக் குறிப்பேடுகள் மலையின் ஈரத்தில் ஏடு ஏடாக ஒட்டிப்போய்விட்டன. இளநிலை மாணவர்களும் சேர்ந்த பேரவை இருக்கும்போது, முதுநிலையினருக்கு மட்டும் தனி மன்றம் என்னும் வழக்கம் எப்படி வந்தது?

கோத்தகிரி வாசகர்:
ஆக்ஸ்போர்டின் கல்லூரிகளில் ஆசிரியர்களுக்கு மூத்தோர் பொது அறையும் (கூடும் இடத்தின் பெயரே அங்கு மன்றத்தின் பெயரும்) இளநிலையினருக்கு இளையோர் பொது அறையும் நெடுங்காலமாக இருந்தன. 1917இல் அங்கு முனைவர் பட்டம் அறிமுகமாகி ஆய்வாளர்கள் பெருகியபோது, விடுமுறையிலும் ஊர் திரும்பாமல் நூலகத்திலேயே கிடக்கும், வயதிலும் சற்று மூத்த இவர்கள் இரண்டு அறைகளிலும் ஒட்டாமல் நின்றார்கள். 1958இல் லிங்கன் கல்லூரி இவர்களுக்கென்றே ‘நடுப் பொது அறை’யை ஏற்படுத்தியது, பிற கல்லூரிகளும் பின்தொடர்ந்தன. அங்குள்ள யூனிவர்சிட்டி காலேஜில் இதே அமைப்புக்கு ‘வியர் பொது அறை’ என்று பெயர். ஆகவே உங்கள் மன்றத்தையும் ஒரே பெயரில் தேடாதீர்கள். ‘ஆய்வாளர் வட்டம்’, ‘துறை மன்றம்’ என்றும் பதிவாகியிருக்கலாம்.

குன்னூர் பழைய மாணவர்:
நீலகிரிக் கல்லூரி என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1982இல் பாரதியார் பல்கலைக்கழகம் உருவாகும் வரை இங்குள்ள கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன என்பதால், அதற்கு முந்தைய கடிதங்களைக் கோவையில் மட்டும் தேடினால் பாதிக் கதைதான் கிடைக்கும். மாணவர் தேர்தல்கள் குறித்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006இல் நடைமுறைப்படுத்தச் சொன்னதையும் விட்டுவிடாதீர்கள். தேர்தலில் நிற்க இளநிலையினருக்கு 22 வயதும் ஆய்வாளர்களுக்கு 28 வயதும் உச்சவரம்பு. தேர்தல் செலவு 5,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எத்தனை இடங்களில் அது முறையாகப் பின்பற்றப்பட்டது என்பது வேறு கதை.

உதகை ஆய்வாளர்:
இருவருக்கும் நன்றி ஐயா. பெயரைப் பற்றிய குறிப்பு உடனே பலன் தந்தது. கணக்குப் பேரேட்டில் ‘மன்றம்’ என்ற சொல்லே இல்லை. ஆனால் ‘ஆய்வாளர் வட்டம், தேநீர்ச் செலவு’ என்று மாதந்தோறும் ஒரு வரி இருக்கிறது. தேதிகளைத் தனியே குறித்துக்கொண்டிருக்கிறேன்.