லங்கம் குழுவின் ‘ஃபால்ஸ் லங்கம்’: மரபுப் பாடலும் சொந்தப் பாடலும் எங்கே பிரிகின்றன?

கேள்வி

அயர்லாந்தின் டப்ளினைச் சேர்ந்த நாட்டுப்புற இசைக்குழுவான லங்கம் 2023 மார்ச்சில் வெளியிட்ட ‘ஃபால்ஸ் லங்கம்’ ஆல்பத்தைத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். இதில் ‘நெட்டா பெர்சியஸ்’, ‘தி டர்ன்’ ஆகிய இரு பாடல்களும் குழுவினரில் ஒருவரான டாரா லின்ச் எழுதியவை. எஞ்சிய பாடல்களில் பெரும்பாலானவை மரபு வழி வந்தவை. ஆனால் கேட்கும்போது இந்த இருவகைப் பாடல்களையும் என்னால் பிரித்தறிய முடியவில்லை. மரபின் தனித்தன்மை கரைந்துவிட்டதாக இதைக் கொள்ள வேண்டுமா, அல்லது இதுவே குழுவின் சாதனையா?

முதல் மறுமொழி

சாதனை என்றே சொல்வேன். ஆல்பம் முழுவதையும் கட்டிப்போடுவது இடைவிடாமல் ஒலிக்கும் ஆதார சுருதி. ஹார்மோனியமும் கையில் பிடித்து விரித்துச் சுருக்கி வாசிக்கும் சிறு துருத்திக் கருவியான கான்செர்ட்டினாவும் அயர்லாந்தின் துருத்திக் குழலிசைக் கருவியான இல்லன் பைப்ஸும் சேர்ந்து எழுப்பும் அந்தக் கனத்த ஒலி வெளியிலிருந்து ஒட்டவைத்த நவீன அலங்காரமன்று. முழங்கையால் துருத்தியை அழுத்தி வாசிக்கும் இல்லன் பைப்ஸில், மெட்டு வாசிக்கும் குழலோடு சுருதிக்கென்றே மூன்று குழல்கள் உண்டு. மரபுக்குள் ஏற்கெனவே இருந்த ஒன்றைத்தான் குழுவினரும் தயாரிப்பாளர் ஜான் ‘ஸ்பட்’ மர்ஃபியும் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். பழைய பாடலும் புதிய பாடலும் அதே சுருதியின் மேல் நிற்பதால் தையல் தெரிவதில்லை. ‘ஃபியூக்’ என்ற பெயரில் வரும் மூன்று இடையிசைகளைத் தாண்டிச் செல்லாமல், வரிசை மாற்றாமல் கேளுங்கள்.

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மரபு, சொந்தம் என்ற இரண்டே பெட்டிகளுக்குள் இந்த ஆல்பம் அடங்காது. ‘கிளியர் அவே இன் தி மார்னிங்’ அமெரிக்கரான கார்டன் போக் இயற்றியது. ‘ஆன் எ மண்டே மார்னிங்’ இங்கிலாந்தின் சிரில் டானி எழுதியது. ‘நியூகாசில்’ பாடலின் மெட்டோ 1651-இல் லண்டனில் அச்சான நடன இசைத் தொகுப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது. முதல் பாடலான ‘கோ டிக் மை கிரேவ்’, அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்ந்த ஜீன் ரிச்சி பாடிய வடிவத்திலிருந்து குழுவின் பாடகி ரேடி பீட் எடுத்துக்கொண்டது. காதலால் உயிர்விட்ட பெண் தன் கல்லறை எப்படி அமைய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும் அந்த வரிகளை அவர் முதலில் பக்கவாத்தியம் ஏதுமின்றித் தனிக்குரலில் பாடுகிறார். பிறகு மெல்ல மெல்லச் சுருதி சூழ்ந்துகொள்கிறது. இறந்தவருக்காகப் பெண்கள் ஒப்பாரி வைக்கும் வழக்கம் அயர்லாந்திலும் இருந்தது. பாடலின் பிற்பகுதி அதிலிருந்தே பிறந்தது. அமெரிக்க மலைநாட்டில் பாடப்பட்ட ஒன்றை அயர்லாந்தின் துக்கத்துக்குள் இப்படிக் கொண்டுவந்து சேர்ப்பது, புதுப் பாடல் எழுதுவதற்குச் சற்றும் குறைந்த படைப்பு வேலையன்று.

மூன்றாம் மறுமொழி

எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பன்னிரண்டு நிமிடங்களைக் கடந்து நீளும் ‘தி டர்ன்’, இறுதியில் இரைச்சலாகவே திரண்டு முடிகிறது. அதுவரை குரல்களின் இணைவில் இருந்த நெகிழ்ச்சியை அந்த முடிவு நசுக்கிவிடுவதாகவே உணர்கிறேன். சொந்தப் பாடல் தனித்துத் தெரியும் ஓர் இடம் உண்டென்றால் அது இதுதான்.

கேட்டவர்

மிக்க நன்றி. இவர்களுடைய முந்தைய ஆல்பங்களில் எதைக் கேட்கலாம்?

இரண்டாம் மறுமொழியாளர்

2019-இல் வெளிவந்து ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான அயர்லாந்தின் சாய்ஸ் மியூசிக் பிரைஸை வென்ற ‘தி லிவ்லாங் டே’. மதுக்கூடங்களில் கைதட்டிப் பாடப்படும் ‘தி வைல்ட் ரோவர்’ அதில் பத்து நிமிடத் துயரப் பாடலாக ஒலிக்கிறது; அதிலிருந்தே தொடங்குங்கள்.