மறு: விறகில் சுடும் பீட்சா அடுப்புக்குப் ‘போறணை’

எல்லோருக்கும் வணக்கம்.

விறகில் பீட்சா சுடும் அடுப்பைப் பற்றி நாம் எழுதப்போகும் கையேட்டுக்காக, அந்த அடுப்புக்கும் அதன் உறுப்புகளுக்கும் தமிழ்ப் பெயர் தேடிவருகிறோம். அடுப்புக்கு இதுவரை வந்த குவிமாட அடுப்பு, கனலடுப்பு, வெதுப்பி ஆகிய மூன்று சொற்களையும் படித்தேன். இந்த மூன்றுக்கும் முன்னால் வைக்க வேண்டிய சொல் ஒன்று இலங்கையில் எங்கள் மட்டக்களப்பில் புழக்கத்தில் இருக்கிறது. பேக்கரியில் பாண் வேகிற செங்கல் அடுப்பை இங்கே போறணை என்போம். (தமிழகத்தில் பிரெட் என்பதுதான் எங்களுக்குப் பாண்.) கல்லடியில் மச்சான் வீட்டு வளவில் பீட்சா அடுப்புக் கட்டுவதற்காக மேசனிடம் படத்தைக் காட்டினோம். “போறணைதானே, எத்தனை றாத்தல் மாவுக்கு?” என்றார். அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அடுப்பு என்ற சொல் ஏன் போதாது என்று அண்ணா ஒருவர் கேட்டிருந்தார். அடுப்பில் நெருப்பு கீழே, பாத்திரம் மேலே. கோட்டை அடுப்பும் அப்படித்தான். சூளையில் வேகிற பொருளே செங்கல், சட்டி வகை. உலை கொல்லருடையது. பீட்சா அடுப்பில் விறகும் மாவும் ஒரே தளத்தில் இருக்கின்றன. தளத்துச் செங்கலின் சூடு கடத்தலால் அடிமாவை வேகவைக்கிறது. மேலே உள்ள குவிமாடம் கதிர்வீசலால் மேற்பரப்பைச் சுடுகிறது. சுடுகாற்று உள்ளே சுழன்று வாய்வழியாக வெளியே போகிறது. இத்தாலியின் நாப்பொலி (நேப்பிள்ஸ்) நகர முறையில் தளம் 430 பாகை செல்சியசை ஒட்டி இருக்கும். பீட்சா 60 முதல் 90 நொடிக்குள் வெந்துவிடும். பாண் போறணையிலும் இதே அமைப்புத்தான். ஒரே வேறுபாடு, பாணுக்குத் தணலை வாரி வெளியே எடுத்துவிட்டு, கதவை மூடி, செங்கலில் தங்கிய சூட்டிலேயே சுடுவார்கள். பீட்சாவுக்கு நெருப்பை ஒரு பக்கம் ஒதுக்கி எரியவிடுவார்கள்.

‘போறணை வேற்றுமொழிச் சொல்லாயிற்றே’ என்று கோவையிலிருந்து சகோதரி எழுதியிருந்தார். உண்மை, போர்த்துக்கீச ‘ஃபோர்னோ’விலிருந்து வந்ததுதான். இங்குள்ள கோட்டையை 1628இல் கட்டத் தொடங்கிய போர்த்துக்கீசர் 1638இல் அதை ஒல்லாந்தரிடம் (டச்சுக்காரரிடம்) இழந்தார்கள். பாண், விசுக்கோத்து, குசினி எல்லாம் போர்த்துக்கீசர் விட்டுப்போனவை. அவர்கள் வழிவந்த பறங்கியர் சிலரின் வீடுகளில் இன்றும் போர்த்துக்கீசக் கிரியோல் என்ற கலப்பு மொழி பேசப்படுகிறது. சிங்களத்திலும் ‘போரணுவ’ என்கிறார்கள். பீட்சா பிறந்த இத்தாலியிலும் இதன் பெயர் ‘ஃபோர்னோ’தான், இரண்டுக்கும் இலத்தீன் மூலம் ஒன்று. மேசையையும் சாவியையும் நம்முடையவையாக ஏற்றுக்கொண்ட பிறகு இதை மட்டும் வாசலில் நிறுத்துவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. இப்போது மின்சாரத்திலும் டீசலிலும் பேக்கரிகள் ஓடுகின்றன, பிள்ளைகள் ‘ஓவன்’ என்கிறார்கள். நாம் எழுதப்போகும் கையேட்டில் இந்தச் சொல் ஏறாவிட்டால் அது பழைய மேசன்மாரோடு போய்விடும் என்ற கவலை எனக்கு உண்டு.

வெதுப்பி நல்ல வேர்ச்சொல். எங்கள் பெயர்ப்பலகைகளில் வெதுப்பகம் என்று எழுதுவதும் பிடிக்கும். ஆனாலும் வெதுவெதுப்பு என்றால் நமக்கு இளஞ்சூடு. 430 பாகைக்கு அதைச் சொல்ல மனம் ஒப்பவில்லை. போறணையிலிருந்து விறகுப் போறணை, மின்போறணை, போறணைத்தளம், போறணைவாய் என்று தடையில்லாமல் சொற்கள் கிளைக்கின்றன. பீட்சாப் போறணை என்று மட்டும் வைக்க வேண்டாம். மீனும் கோழியும் பாணும் அதிலேயே வேகும்.

இனி உறுப்புகள். குவிமாடம், வாய், புகைக்கூடு (புகைபோக்கி) மூன்றிலும் சிக்கல் இல்லை. வாயின் உயரம் குவிமாடத்தின் உள் உயரத்தில் 63 வீதம் அளவு இருக்க வேண்டும், அதாவது 20 அங்குலத்துக்கு 12½ அங்குலம். புகைக்கூடு வாய்க்கு வெளியே முன்பக்கத்தில் வரும், குவிமாடத்தின் உச்சியில் அல்ல. கையேட்டில் இதைப் படத்தோடு போட வேண்டும்.

கடுஞ்சூட்டைத் தாங்கும் செங்கலான ‘ஃபயர் பிரிக்’குக்குத் தீக்கல் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது சக்கிமுக்கிக் கல்லைக் குறித்துவிடும். தணற்செங்கல் என்கிறேன். செங்கலடி என்று ஊரே உள்ள மாவட்டம் இது, சாதாரணச் செங்கலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் திடீர்ச் சூட்டையும் குளிர்ச்சியையும் திரும்பத் திரும்பத் தாங்குவதற்கென்று தனிக் களியில் சுட்ட கல்லுக்குத் தனிப்பெயர் வேண்டும்.

அதிகம் யோசிக்க வைத்தது ‘தேர்மல் மாஸ்’, அதாவது சூட்டைச் சேமித்து வைக்கும் கனம். வெப்பத்தாங்கி என்ற முன்மொழிவை முதலில் விரும்பினேன். ஆனால் எங்களுக்குத் தாங்கி என்றால் தண்ணீர்த் தாங்கி போலச் சேமித்து வைப்பது. தமிழக வாசகருக்கு அது சூட்டைப் பொறுத்துக்கொள்வது என்று படும். ஒரே சொல் இரு கரையில் இரு பொருள் தந்தால் கையேடு குழம்பும். வெப்பக்கொள்ளளவும் சரிவராது, அது பள்ளிப் பௌதிகத்தில் வேறொரு கணியம். நாம் சொல்வது சூட்டைப் பிடித்து வைத்திருக்கிற கல்லின் கனத்தை. தமிழகத்தில் நிறை எனப்படும் ‘மாஸ்’ என்பதை எங்கள் பாடநூல்களில் திணிவு என்பார்கள். ஆகவே வெப்பத்திணிவு. திணித்து வைத்தல் என்ற பொருளும் உள்ளே கேட்பதால் தமிழகத்திலும் புரியும் என்று நம்புகிறேன். 4½ அங்குலத் தணற்செங்கல் குவிமாடம் நல்ல வெப்பத்திணிவு. வெளிப்புறம் சரியாக மூடியிருந்தால் மறுநாள் காலையிலும் பாண் சுடலாம்.

சூடு வெளியேறாமல் தடுக்கும் அந்த மூடுகைக்குப் பாடநூலில் உள்ள வெப்பக்காவலி போதும். அதற்குப் பயன்படும் பாரமற்ற கனிமத் துகள்களான பெர்லைட், வெர்மிகுலைட் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. அம்பாறைப் பக்கம் நெல் ஆலைகளில் உமிச்சாம்பல் குவிகிறது. அதில் பெரும்பகுதி சிலிக்கா, பாரமும் குறைவு, சூட்டை எளிதில் விடாது. சுண்ணாம்போடும் சிறிது சீமெந்தோடும் குழைத்த அந்தக் கலவைக்கு உமிக்காரை என்று பெயர் வைப்போம். குழைக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

கட்டி முடித்ததும் சாந்திலும் கல்லிலும் உள்ள ஈரம் மெல்ல வெளியேற வேண்டும். முதல் நாள் 100, 150 பாகைக்குள் சிறு நெருப்பு, பிறகு நாளுக்கு 50 பாகை அளவில் கூட்டி ஒரு கிழமை (வாரம்). அவசரப்பட்டால் உள்ளே நீராவி பெருகிக் குவிமாடம் வெடிக்கும். எங்கள் மாரியில் கூரையில்லாமல் நனைந்த போறணைக்கும் இதே விதி. இந்த வேலைக்குப் பதப்படுத்தல் என்று எழுதியிருந்தீர்கள். புதுச்சட்டியைப் பழக்குவது என்று வீட்டில் சொல்கிறோமே, அதையே எடுத்து போறணை பழக்குதல் என்று வைப்போமே.

மிச்சம் ஒன்றுதான்: பீட்சாவை உள்ளே தள்ளும் நீண்ட பிடி போட்ட பலகை. எனக்குத் துடுப்பு என்று வைக்கத் தோன்றுகிறது. தமிழகத்தில் களி கிண்டும் துடுப்போடு குழம்புமா? அங்குள்ளவர்கள் சொல்லுங்கள், பார்த்து முடிவெடுப்போம்.