குழந்தைக்கு ஒத்துக்கொள்ளும் தானியங்கள்: உங்கள் அனுபவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் 4 வயது மகள் கோதுமை சேர்ந்த எதை உண்டாலும், சில மணி நேரத்தில் வயிறு உப்பி வலியால் துடிக்கிறாள். கோதுமையை உடனே நிறுத்திவிட நினைத்தோம். ஆனால், குளூட்டன் (கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம்) உள்ள உணவை உண்டுவரும்போதே, அந்தப் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்தால்தான் முடிவு நம்பத்தக்கதாக இருக்கும் என்று மருத்துவர் விளக்கியதால், அது முடியும்வரை பொறுத்திருந்தோம். அந்த நாள்கள் மிகக் கடினமானவை. அந்த நோய் இல்லை என்று தெரிந்த பின், அவருடைய அறிவுரைப்படி கோதுமை, பார்லி, ரை மூன்றையும் விலக்கியிருக்கிறோம்.

அரிசியை மட்டுமே நம்பியிருக்க மனம் வராததால், மற்ற தானியங்களை ஒவ்வொன்றாக, இடையில் சில நாள்கள் விட்டு, குறிப்பேட்டில் எழுதியபடி கொடுத்துப் பார்க்கிறோம். தினை ஒத்துக்கொண்டது. கேழ்வரகு மாவு கொடுத்தபோது மீண்டும் வலி வந்தது. அது கேழ்வரகினாலா, கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே அதையும் அரைத்ததாலா என்று எங்களால் பிரித்தறிய முடியவில்லை. ஓட்ஸில் வயலிலும் ஆலையிலும் கோதுமை எளிதில் கலந்துவிடும் என்பதால் அதை இன்னும் தொடவில்லை.

இந்நிலையைக் கடந்துவந்த பெற்றோரிடம் கேட்கிறேன்: முழுத் தானியமாக வாங்கி, கழுவி உலர்த்தி, வீட்டிலேயே அரைத்தபோது வேறுபாடு தெரிந்ததா? எத்தனை நாள் இடைவெளி விட்டு அடுத்த தானியத்தைத் தொடங்கினீர்கள்? தோழிகள் அன்போடு நீட்டும் பிஸ்கட்டை மறுக்க அவளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.