தொழிற்பயிற்சியில் அளவுகளைப் பதிவு செய்யும் வேலை மட்டுமே கிடைத்திருக்கிறது: இதிலிருந்து என்ன கற்க முடியும்?

கேள்வி: மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவி

அனைவருக்கும் வணக்கம். பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக, ஷாஃப்டுகளை (இயந்திரங்களில் சுழலும் எஃகுத் தண்டுகளை) கடைந்து தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் இப்போது பயிற்சி பெற்று வருகிறேன். வடிவமைப்புப் பிரிவிலோ பராமரிப்புப் பிரிவிலோ சேர்ப்பார்கள் என்று எதிர்பார்த்துச் சென்றேன். ஆனால் சேர்ந்த நாளிலிருந்து, சிஎன்சி லேத்துகளில் (கணினி நிரலால் இயங்கும் கடைசல் இயந்திரங்களில்) ஆபரேட்டர்கள் கையால் எழுதி வைக்கும் ஆய்வுத் தாள்களைக் கணினியில் ஏற்றும் வேலையைத்தான் செய்கிறேன். சூப்பர்வைசர் நல்லவர்; கேட்டால் பதில் சொல்கிறார், ஆனால் அவருக்கு நின்று பேச நேரம் கிடைப்பதில்லை.

இந்த எண்களைத் தொடர்ந்து ஏற்றியதில் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. பேரிங் உட்காரும் இடத்தின் விட்டம் 25.002 மி.மீ. முதல் 25.015 மி.மீ. வரை இருக்கலாம் என்று ட்ராயிங்கில் உள்ளது. ஒரு ஷிப்டின் அளவுகளை வரிசையாக வரைபடமாக்கிப் பார்த்தால், விட்டம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போய், திடீரென்று இறங்கி, மறுபடியும் ஏறுகிறது. இடைவேளை முடிந்து இயந்திரத்தை ஓட்டியதும் வரும் முதல் சில ஷாஃப்டுகள் இந்தப் போக்கில் சேராமல் தனியே நிற்கின்றன. இயந்திரத்தின் அருகில் எழுதப்பட்ட அளவைவிட, அதே ஷாஃப்டுக்கு ஆய்வறையில் கிடைக்கும் அளவு பெரும்பாலும் சற்றுக் குறைவாகவே இருக்கிறது.

இதில் உண்மையிலேயே பார்க்க வேண்டிய பிரச்சினை இருக்கிறதா, அல்லது அனுபவமின்மையால் எனக்கு அப்படித் தோன்றுகிறதா? ஆபரேட்டர்களின் வேலையில் குறை காண்பது போலத் தெரியாமல் இதை எப்படிக் கேட்பது? பயிற்சியின் முடிவில் நாட்குறிப்பும் அறிக்கையும் கொடுக்க வேண்டும்; எண்களை ஏற்றினேன் என்பதைத் தவிர அவற்றில் எழுத ஏதாவது இருக்கிறதா என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில் 1: தர ஆய்வுப் பொறியாளர்

நீங்கள் கண்டது மூன்றும் உண்மை. மூன்றுக்கும் காரணங்கள் வெவ்வேறு. எண்களை ஏற்றச் சொன்னபோது அவற்றை வரைபடமாக்கிப் பார்த்தீர்களே, அந்த ஒரு செயலிலேயே உங்கள் பயிற்சி தொடங்கிவிட்டது என்று நான் கருதுகிறேன்.

முதலில் அந்த ஏற்ற இறக்கம். வெளிவிட்டத்தைக் கடையும்போது இன்சர்ட்டின் (லேத்தில் பொருத்தும் வெட்டும் துண்டின்) முனை தேயத் தேய, அது வெட்ட வேண்டிய ஆழத்தைவிடச் சற்றுக் குறைவாக வெட்டுகிறது. அதனால் விட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது. முனை 3 மைக்ரான் (0.003 மி.மீ.) தேய்ந்தால் விட்டத்தில் அது 6 மைக்ரானாகத் தெரியும், ஏனெனில் தேய்மானம் ஆரத்தில் நிகழ்கிறது. அளவு மேல் எல்லையை நெருங்குவதைக் கண்ட ஆபரேட்டர் ஆஃப்செட்டை (வெட்டும் முனையின் இடத்தைச் சரிசெய்யும் எண்ணை) குறைக்கும் இடத்தில் உங்கள் கோடு சட்டென்று இறங்குகிறது. ஆகவே இந்தப் பல்வரிசை வடிவம் கோளாறின் அடையாளம் அன்று. ஆபரேட்டர் விழிப்புடன் வேலை செய்கிறார் என்பதையே அது காட்டுகிறது. மாறாக, ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் ஆஃப்செட்டை மாற்றிக்கொண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். தேய்மானம் போன்ற போக்கு எதுவும் இல்லாமல் நிலையாக ஓடும் செயல்முறையில், ஒவ்வொரு சிறு விலகலுக்கும் அதே அளவு எதிர்த்திருத்தம் செய்துகொண்டே போனால் அளவுகளின் மாறுபாட்டு வர்க்கம் (அவை எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் காட்டும் எண், variance) இரு மடங்காகும் என்பது கணக்கிட்டுக் காட்டக்கூடிய ஒன்று. எதற்குத் திருத்தம் தேவை, எதை அப்படியே விட வேண்டும் என்பதைப் பிரித்தறியத்தான் அமெரிக்க இயற்பியலாளர் வால்டர் ஷூஹார்ட் 1924இல் கட்டுப்பாட்டு வரைபடத்தை (வழக்கமான ஏற்ற இறக்கத்தின் எல்லைக் கோடுகளோடு அளவுகளை வரிசையாகக் குறிக்கும் படத்தை) உருவாக்கினார். உங்கள் பாடத்தில் அது வெறும் சூத்திரமாக வந்திருக்கும். உங்கள் கையில் இருக்கும் தாள்களை வைத்து இப்போது அதை நீங்களே வரையலாம்.

இடைவேளைக்குப் பின் வரும் ஷாஃப்டுகளைப் பற்றி: இயந்திரம் நின்றிருக்கும்போது ஸ்பிண்டிலும் (ஷாஃப்டைச் சுழற்றும் அச்சு) பால்ஸ்குரூவும் (வெட்டும் முனையை நகர்த்தும் திருகு) குளிர்கின்றன, மறுபடி ஓடி, வெப்பநிலை சீராகும் வரை முனையின் இடம் சில மைக்ரான் நகர்ந்துகொண்டே இருக்கும். அது எந்தப் பக்கம் நகரும் என்பது இயந்திரத்தின் அமைப்பைப் பொறுத்தது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது மூன்றாவது. நீள அளவுகளுக்கான பொது ஆதார வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். ஐஎஸ்ஓ 1 என்ற தரநிலையே இதற்காகத்தான் இருக்கிறது. எஃகு, ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரி கூடும்போது ஏறக்குறைய 11.5 மைக்ரான் விரிகிறது. கடைந்து முடித்த சூட்டில் ஷாஃப்ட், அதை அளக்கும் கருவியான மைக்ரோமீட்டரைவிட 15 டிகிரி கூடுதலாக இருந்தால், 25 மி.மீ. விட்டம் ஏறக்குறைய 4.3 மைக்ரான் பெரிதாகத் தெரியும். உங்கள் ட்ராயிங்கில் அனுமதிக்கப்பட்ட மொத்த அகலமே 13 மைக்ரான்தான். அதில் மூன்றில் ஒரு பங்கை வெறும் சூடே விழுங்கிவிடுகிறது என்றால், சூட்டில் அளந்து "சரி" என்று விடப்படும் ஷாஃப்டுகளில் சில, ஆறிய பிறகு கீழ் எல்லைக்கு வெளியே போகலாம். அப்படிப் போனால் பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்டில் இறுகப் பிடிக்காது. சுமையில் ஓடும்போது வளையம் மெல்ல வழுக்கி, உட்காரும் இடத்தையே தேய்த்துவிடும்.

பதில் 2: உற்பத்திப் பிரிவு, முன்பு லேத் ஆபரேட்டர்

மேலே எழுதியவரின் விளக்கத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வரைபடத்தை எடுத்துக்கொண்டு நேராக ஆபரேட்டரிடம் போய் நின்றுவிடாதீர்கள். கணினியில் இருந்து அச்சிட்ட ஒரு தாளோடு பயிற்சி மாணவி வருகிறார் என்றால், தன் வேலையைச் சோதிக்க யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்றே அவருக்குத் தோன்றும். அதன் பிறகு அவர் உங்களிடம் உண்மையைப் பேச மாட்டார்.

சூப்பர்வைசரிடம் அனுமதி பெற்று, ஷிப்ட் தொடக்கத்திலிருந்து ஒரே இயந்திரத்தின் அருகில் நின்று பாருங்கள். டொயோட்டா உற்பத்தி முறையை உருவாக்கிய தாயீச்சி ஓனோ, பொறியாளர்களைத் தரையில் சாக்பீஸால் வரைந்த வட்டத்துக்குள் நிற்கவைத்து, மணிக்கணக்கில் ஒரே இடத்தைக் கவனிக்கச் சொல்வாராம். அதன் பயன், நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆபரேட்டர் மைக்ரோமீட்டரை எதைக் கொண்டு துடைக்கிறார், எத்தனை ஷாஃப்டுக்கு ஒருமுறை அளக்கிறார், அளக்கும் முன் ஷாஃப்டை எங்கே வைக்கிறார், கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) எவ்வளவு வடிந்த பிறகு கையில் எடுக்கிறார் என்பவற்றில் பாதி எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருக்காது.

கேட்கும் விதமும் முக்கியம். "ஏன் அளவு ஏறியது?" என்பது விசாரணை. "அண்ணே, ஆஃப்செட் கொடுக்க வேண்டும் என்று எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள்?" என்பது கற்றுக்கொள்ள வந்தவரின் கேள்வி. இரண்டாவதைக் கேளுங்கள்; பதில் நீளமாக வரும். அவர் ட்ராயிங்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் நிரலைத் திருத்தும்போதும் பேச்சுக் கொடுக்க வேண்டாம். தலைமுடியைக் கட்டி, தொளதொளவென்ற கைப்பகுதி இல்லாத சட்டையுடன் போங்கள். சுழலும் சக்கின் (ஷாஃப்டைப் பிடித்திருக்கும் பகுதியின்) அருகில் கையுறை கூடாது. வெட்டும்போது வரும் உலோகச் சுருள்களைக் கையால் இழுக்கவே கூடாது.

பதில் 3: இறுதியாண்டு மாணவர்

ஒரு சொல் நானும் சொல்ல வேண்டும். மேலே உள்ள ஆலோசனைகள் சிறந்தவை. ஆனாலும், பயிற்சிக்கு வந்தவரை முழுக்க முழுக்கத் தரவு ஏற்றும் வேலையிலேயே வைத்திருப்பது முறையன்று. நீங்கள் அதைப் பொறுமையோடு ஏற்றுக்கொள்வதாலேயே அது நியாயமாகிவிடாது. கல்லூரிப் பயிற்சி ஒருங்கிணைப்பாளருக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதி, வாரத்தில் குறிப்பிட்ட நேரமாவது உற்பத்தித் தளத்தில் இருக்க ஏற்பாடு செய்யுமாறு கேளுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். "இந்த அளவுகளை ஆராய எனக்குத் தளத்தில் இருக்கும் வாய்ப்பு தேவைப்படுகிறது" என்று காரணத்தையே கோரிக்கையாக்கிவிடுங்கள். காரணம் தெளிவாக இருக்கும் கோரிக்கையை மறுப்பது கடினம்.

கேள்வி கேட்டவரின் தொடர் பதிவு

அனைவருக்கும் மிக்க நன்றி. ஒருங்கிணைப்பாளருக்கு எழுதும் தேவை வரவில்லை. காரணத்தைச் சொன்னதும் சூப்பர்வைசரே காலை நேரத்தைத் தளத்தில் செலவிட அனுமதித்துவிட்டார்.

மூத்த ஆபரேட்டர் ஒருவரின் இயந்திரத்தருகே நின்றேன். இறக்கிய ஷாஃப்டைத் துணியால் துடைத்து, அளக்கும் இடத்தில் மார்க்கரால் சிறு கோடு போட்டு, உடனே அளந்தோம். அதே ஷாஃப்டை ஆய்வறையில் நெடுநேரம் வைத்திருந்து, அதே கோட்டில், அதே மைக்ரோமீட்டரால் மறுபடியும் அளந்தோம். 4 மைக்ரானுக்குச் சற்று அதிகமாகக் குறைந்திருந்தது. மேலும் சில ஷாஃப்டுகளிலும் ஏறக்குறைய இதே வேறுபாடுதான்.

எனக்கு வியப்பளித்தது அதன் பிறகு அவர் சொன்னது. இது அவருக்கு முன்பே தெரியுமாம். அதனால்தான் அவர் சூட்டில் அளக்கும்போது விட்டத்தை 25.012, 25.013 என்று மேல் எல்லைக்கு அருகிலேயே வைத்துக்கொள்கிறார். ஆறினால் நடுவில் வந்து நிற்கும் என்பது அவர் கணக்கு. அடுத்த ஷிப்டில் புதிதாகச் சேர்ந்தவர், ட்ராயிங்கில் உள்ளபடி நடு அளவைக் குறிவைத்து ஓட்டுகிறார். பழைய தாள்களை ஷிப்ட் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன்: ஆய்வறையில் கீழ் எல்லையைத் தொட்டும் தாண்டியும் நிற்பவை பெரும்பாலும் அந்த ஷிப்டின் ஷாஃப்டுகளே. இந்த விவரம் எந்தப் பணி அறிவுறுத்தல் தாளிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இப்போது இரண்டு ஐயங்கள். சில ஷாஃப்டுகளை வைத்துச் செய்த இந்தச் சோதனையை நம்பி அறிக்கையில் எழுதலாமா? ஆபரேட்டர்களின் பெயர்களைக் குறிப்பிடுவது சரியா?

பதில் 4: தர ஆய்வுப் பொறியாளர்

மிக நன்று. முதல் ஐயத்துக்கு: இதை ஒரு சான்றாக எழுதலாம், முடிவாக எழுத வேண்டாம். அதற்கு முன் உங்கள் அளவீட்டையே சோதித்துவிடுங்கள்.

உங்கள் விட்டம் 25 மி.மீ.க்குச் சற்று மேல் இருப்பதால் 25–50 மி.மீ. மைக்ரோமீட்டரைத்தான் பயன்படுத்தியிருப்பீர்கள். அதன் சுழியத்தை 25 மி.மீ. செட்டிங் ராடால் (துல்லியமான நீளமுள்ள உலோகக் கோலால்) சரிபார்க்க வேண்டும். ராடும் மைக்ரோமீட்டரும் ஒரே இடத்தில் நெடுநேரம் இருந்திருக்க வேண்டும். மைக்ரோமீட்டரின் வளைசட்டத்தைப் பிடிக்கும்போது அதன் மேல் உள்ள வெப்பக் காப்புப் பட்டையைப் பிடியுங்கள். வெறும் உலோகத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தால் கையின் சூட்டில் சட்டம் விரிந்து, அளவு குறைவாகக் காட்டும். அப்படியானால் நீங்கள் கண்ட 4 மைக்ரானில் ஒரு பகுதி உங்கள் விரல்களிலிருந்தே வந்திருக்கலாம். 0.01 மி.மீ. மட்டுமே படிக்கக்கூடிய கருவியானால் 13 மைக்ரான் அகலத்துக்கு அது பயன்படாது, 0.001 மி.மீ. படிக்கும் கருவி வேண்டும்.

நேரம் கிடைத்தால் ஒரு கேஜ் ஆர் அண்ட் ஆர் சோதனை செய்யுங்கள்; கருவியும் அளப்பவரும் மாறுவதால் அளவு எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் சோதனை அது. பத்து ஷாஃப்டுகளை மூன்று பேர் தனித்தனியே, முந்தைய அளவைப் பார்க்காமல், இரண்டு அல்லது மூன்று முறை அளப்பது வழக்கம். மொத்த மாறுபாட்டில் அளவீட்டால் மட்டும் வருவது 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 30 விழுக்காட்டைத் தாண்டினால், அந்த எண்களை வைத்து ஷிப்டுகளை ஒப்பிடுவதையே நிறுத்திவிட வேண்டும்.

பதில் 5: பொறியியல் பேராசிரியர்

அறிக்கையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பெரும்பாலான மாணவர்கள் நிறுவனத்தின் வரலாற்றையும் துறைகளின் பட்டியலையும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, தாங்கள் கண்டதை ஒரே பத்தியில் முடித்துவிடுகிறார்கள். வாசிக்கும் எங்களுக்கு அது பெரும் ஏமாற்றம். 1906இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர், வகுப்பறையிலும் தொழிற்சாலையிலும் மாணவர்கள் மாறி மாறிப் பயிலும் முறையைத் தொடங்கியதன் நோக்கமே, இரண்டு இடங்களிலும் கற்றவை ஒன்றையொன்று தொட வேண்டும் என்பதுதான். உங்கள் வெப்ப விரிவுச் சூத்திரம் ஓர் ஆபரேட்டரின் பழக்கத்தில் போய் முட்டியிருக்கிறது. நிறுவன அறிமுகத்தை ஒரு பக்கத்தில் நிறுத்திவிட்டு, மீதியை இதற்கே கொடுங்கள்.

நாட்குறிப்பை அன்றன்றே எழுதுங்கள்: எந்த இயந்திரம், அறையின் வெப்பநிலை, இன்சர்ட் எப்போது மாற்றப்பட்டது, ஆஃப்செட் எவ்வளவு என்ற விவரங்கள் நினைவிலிருந்து பின்னர் எழுதும்போது நழுவிவிடும். பரிந்துரையைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள். "ஷாஃப்டை ஆறவைத்து அளக்க வேண்டும்" என்றால் உற்பத்தி நின்றுவிடும் என்று உடனே மறுப்பார்கள். சூட்டில் அளப்பதற்கான இலக்கு அளவைச் சோதனையின் அடிப்படையில் கணக்கிட்டு, பணி அறிவுறுத்தல் தாளில் சேர்க்கலாம் என்று எழுதினால் அது நடைமுறைக்கு ஏற்றது. அறிக்கையைக் கல்லூரிக்குக் கொடுக்கும் முன் சூப்பர்வைசரிடம் காட்டி, ட்ராயிங், வாடிக்கையாளர் பெயர், பாக எண் ஆகியவற்றை வெளியிட அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர்களைப் பற்றி: மூத்த ஆபரேட்டர் சொன்ன விவரம் அவருடைய அறிவு, அதை உங்கள் கண்டுபிடிப்பாக எழுதக் கூடாது. அவரிடமே கேட்டு, விரும்பினால் அவர் பெயரை நன்றியுரையிலும் உரிய இடத்திலும் குறிப்பிடுங்கள். புதிதாகச் சேர்ந்தவரின் பெயர் எங்கும் வரக் கூடாது. ஒப்பீட்டு அட்டவணையில் முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட் என்று இருந்தால் போதும். அட்டவணையை முடித்ததும் இங்கே பதியுங்கள், கணக்கைச் சரிபார்த்துத் தருகிறேன்.