நாய்க்குட்டிகளும் 9 கோடி டாலர் முயலும்: எடுத்தாள்வது எங்கே திருட்டாகிறது?

கருவேலம்:
அமெரிக்கச் சிற்பி ஜெஃப் கூன்ஸ் ஊதுபொம்மை மாதிரியே செய்த எஃகு முயல் 2019 மே மாதம் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 9.11 கோடி டாலருக்குப் போனது. உயிரோடிருக்கும் கலைஞர் ஒருவரின் படைப்புக்கு ஏலத்தில் அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. விலையைப் பற்றிச் சண்டை போட நான் வரவில்லை. பணம் இருக்கிறவர் கொடுக்கிறார். என் கோபம் அதே ஆள் 1988இல் செய்த நாய்க்குட்டிச் சிற்பத்தின் மேல்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஆர்ட் ராஜர்ஸ் என்ற புகைப்படக்காரர் 1980இல் ஒரு படம் எடுத்தார். கணவனும் மனைவியும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், மடி நிறைய எட்டு நாய்க்குட்டிகள். அந்தப் படம் வாழ்த்து அட்டையாகவும் கடைகளில் விற்றது. கூன்ஸ் ஓர் அட்டையை வாங்கினார், அதிலிருந்த காப்புரிமை அறிவிப்பு வரியைக் கிழித்தார், மீதியை இத்தாலியில் ஒரு பட்டறைக்கு அனுப்பி, படத்தில் உள்ளபடியே மரத்தில் செய்து வண்ணம் பூசச் சொன்னார். மூன்று பிரதிகள் மொத்தம் 3,67,000 டாலருக்கு விற்றன. ராஜர்ஸுக்கு ஒரு கடிதம்கூடப் போகவில்லை. இதைக் கலை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பித்தளைக் கிண்ணம்:
நான் சொல்கிறேன், கலைதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படம் கறுப்பு வெள்ளை, பார்த்தால் மனம் இளகும். சிற்பத்தில் குட்டிகள் நீல நிறம், தம்பதியின் தலையில் பூ, அந்தச் சிரிப்பு உறைந்துபோய் நம்மை வெறிக்கிறது. அட்டையில் இனித்தது இங்கே திகட்டுகிறது. அந்தத் திகட்டலைக் காட்டுவதுதான் அவர் வேலை. அந்தக் கண்காட்சிக்கு அவர் வைத்த பெயரே ‘சலிப்பூட்டும் சாதாரணம்’ என்கிற பொருளில்தான்.

கடைச் சரக்கைத் தொடக்கூடாது என்றால் பாப் கலையே கிடையாது. 1917இல் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டூஷாம்ப் ஒரு சிறுநீர்க் கோப்பையைக் கண்காட்சிக்கு அனுப்பினார். 1964இல் அமெரிக்க பாப் கலைஞர் ஆண்டி வார்ஹால் பிரில்லோ சோப்புப் பெட்டியை ஒட்டுப்பலகையில் செய்து அடுக்கினார். அவையும் திருட்டா?

ஒளிவெட்டு:
நான் பதினான்கு வருடமாக ஸ்டுடியோ நடத்துகிறேன், அதனால் இதில் நடுநிலை பேச முடியாது.

ஒரு குழந்தையை அசையாமல் உட்கார வைத்துப் படம் எடுப்பதற்குள் உயிர் போய்விடும். ராஜர்ஸ் எட்டுக் குட்டிகளையும் இரண்டு பேரையும் ஒரே நொடிக்குள் கொண்டுவந்திருக்கிறார். யார் மடியில் எத்தனை, எந்தத் தலை எந்தப் பக்கம், வெளிச்சம் எங்கிருந்து என்பதெல்லாம் அவர் முடிவு. அந்த அடுக்கு அப்படியே சிற்பத்தில் இருக்கிறது. நிறமும் பூவும் மட்டும்தான் கூன்ஸுடையவை. இது எப்படி வெளியே வந்தது தெரியுமா? செய்தித்தாளில் சிற்பத்தின் படத்தைப் பார்த்த ஒருவர், அந்தத் தம்பதியின் பழைய படத்துக்கு யாரோ வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்றே நினைத்துச் சொன்னார். அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

தராசு:
ராஜர்ஸ் போட்ட வழக்கைப் பற்றிக் கொஞ்சம். 1992இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கூன்ஸ் தோற்றார். சமூகத்தைக் கேலி செய்தேன் என்பது அவர் வாதம். கேலி செய்யலாம், ஆனால் எடுத்த படத்தையே ஓரளவாவது குறிவைத்தால்தான் அதை எடுக்க நியாயம் உண்டு என்றது நீதிமன்றம்.

ஆனால் 2006இல் அதே நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆண்ட்ரியா பிளாஞ்ச் எடுத்த ஒரு பத்திரிகைப் படத்திலிருந்து கால்களை மட்டும் எடுத்து, திருப்பி, வேறு பல உருவங்களோடு ஓர் ஓவியத்தில் சேர்த்திருந்தார். அது புதுப் பொருள் தருகிறது என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆக, எவ்வளவு எடுத்தாய், எடுத்து என்ன செய்தாய் என்பதைத்தான் பார்க்கிறார்கள். பிரான்ஸில் அவருக்கு அந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. பன்றி நிற்க ஒரு பெண் பனியில் கிடக்கும் சிற்பம், 1985இல் வந்த துணி விளம்பரத்தின் நகல் என்று 2018இல் பாரிஸில் தீர்ப்பு. 2021இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது.

பித்தளைக் கிண்ணம்:
@ஒளிவெட்டு, உங்கள் வலி புரிகிறது. ஆனால் கூன்ஸை நாய்க்குட்டியை மட்டும் வைத்து எடை போடாதீர்கள். முயலின் பக்கத்தில் நின்று பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பலூன் காதின் தையல் ஓரத்தில் சுருக்கம் விழுந்திருக்கும், ஊதினால் விழுமே, அதே சுருக்கம், எஃகில். தொட்டால் அமுங்கும் என்று கை போகும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண் இல்லை, மூக்கு இல்லை, உங்கள் முகம்தான் தெரியும். அந்தப் பொம்மையைச் செய்த கம்பெனி இதை யோசித்திருக்குமா? காற்று போனால் குப்பையாகும் ஒன்றை அழியாத உலோகமாக்கி, பார்ப்பவரையே அதற்குள் நிறுத்தியது அவருடைய கற்பனை.

கருவேலம்:
முயலை நான் மறுக்கவே இல்லை. அதில் பொருள் மாறியிருக்கிறது, அனுபவம் மாறியிருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன பிரில்லோ பெட்டியைப் பார்ப்போம். சிவப்பும் நீலமும் வளைந்து ஓடும் அந்த அசல் அட்டைப்பெட்டியை வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஹார்வி. வயிற்றுப்பாட்டுக்கு விளம்பர வேலை, மற்ற நேரத்தில் அரூப ஓவியம் தீட்டியவர். வார்ஹாலின் பெட்டிகள் கேலரியில் அடுக்கப்பட்ட அடுத்த வருடமே இறந்துவிட்டார். பெட்டி இன்று உலகப் புகழ், ஹார்வியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்று. 2010இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சிறிய கடை, பலூன் நாய் வடிவத்தில் புத்தகத் தாங்கி விற்றது. கூன்ஸும் பலூன் நாய்ச் சிற்பம் செய்தவர். அது தன்னுடையது என்று அவருடைய வக்கீல்கள் விற்பனையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பினார்கள். திருவிழாவில் யார் வேண்டுமானாலும் முறுக்கித் தரும் நாய் அது! பிறகு அவர்களே பின்வாங்கினார்கள். எல்லாருக்கும் பொதுவானதைத் தனக்கென்று கேட்டவர், ராஜர்ஸின் சொந்தப் படத்தைப் பொதுச் சொத்தாக நினைத்தது எப்படிச் சரி?

பித்தளைக் கிண்ணம்:
புத்தகத் தாங்கி விஷயத்தில் அவர் செய்தது தப்பு. அதில் நான் உங்கள் பக்கம்.

தராசு:
அவரும் மாறியிருக்கிறார். 2017இல் ராக்ஃபெல்லர் சென்டரில் 45 அடி உயரத்துக்கு ஒரு பாலே நடனப் பெண்ணை ஊதி நிறுத்தினார். உக்ரைன் சிற்பி ஒக்சானா ஷ்னிக்ருப்பின் பீங்கான் பொம்மை மாதிரியே இருக்கிறதே என்று சத்தம் எழுந்தது. உரிமம் வாங்கித்தான் செய்தோம் என்று அவர் தரப்பில் பதில் வந்தது.

ஒளிவெட்டு:
அப்படியானால் உரிமம் வாங்கியதால் அந்த நடனப் பெண்ணின் விலை குறைந்ததா, புதுமை குறைந்ததா? இல்லையே. ராஜர்ஸ் அந்த நாய்க்குட்டிப் படத்தின் பிரதிகளைத் தம்பதிக்குக் கொடுத்தது 200 டாலருக்கு. ஒரு கடிதம் போட்டு, ஒரு தொகை பேசி, சிற்பத்தின் கீழே ‘ஆர்ட் ராஜர்ஸ் படத்திலிருந்து’ என்று எழுதியிருந்தால் நான் இன்று இந்த இழைக்கே வந்திருக்க மாட்டேன்.

பித்தளைக் கிண்ணம்:
எழுதியிருக்கலாம். அந்தச் சிற்பத்தை நான் இன்னும் விரும்புகிறேன், ஆனால் அந்த வரியைக் கிழித்ததற்கு என்னிடம் பதில் இல்லை.